கட்டிலா, கவிதையா, கணக்கா?



மரச்சாமான் கடையில் 'திவான்' என்று கேட்டால் கட்டிலைக் காட்டுவாங்க. வரலாற்று ஆசிரியரிடம் கேட்டால், சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சர் என்பார். திருவிதாங்கூரில் 1936 முதல் 1947 வரை சர் சி.பி. ராமசாமி ஐயர் வகித்த பதவி அதுதான். பாரசீக இலக்கியம் படித்தவரோ, "அது கவிதைத் தொகுப்பாச்சே!" என்பார். கட்டில், அமைச்சர், கவிதை! மூன்றும் எப்படிங்க ஒரே சொல்லாகும்?

எனக்குத் தெரிந்த விடை இதுதான்: திவான் என்றால் முதலில் ஒரு பதிவேடு. அந்த ஏடு போன இடமெல்லாம் சொல்லும் கூடவே போனது.

சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். பழைய பாரசீகத்தில் எழுத்துக்கு 'திபி' என்று பெயர். அதிலிருந்தே திவான் வந்தது என்கிறார்கள் அறிஞர்கள். நாம் சொல்கிற 'லிபி'யும் இந்த 'திபி'க்கு உறவுதானாம்!

ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. பாரசீக அரசர் ஒருவர் தம் கணக்கர்களைப் பார்க்கப் போனாராம். எல்லோரும் தங்களுக்குள்ளேயே முணுமுணுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார்களாம். "திவானே!" (பைத்தியங்கள்) என்றாராம் அரசர். அதுவே அலுவலகத்துக்குப் பெயராயிற்றாம். 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் இதை எழுதியிருக்கிறார். கணக்குத் தேர்வு நாளில் நம் வகுப்பைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்! ஆனால் இது கதை மட்டுமே.

அரபுக்கு இச்சொல் எப்படிப் போனது? கலீபா உமர் (ஆட்சி கி.பி. 634–644) காலத்தில் அரபுப் படைகள் பெரும் நாடுகளை வென்றன. வந்த செல்வத்தை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது? வீரர்கள், குடும்பங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி ஒரு பதிவேடு தொடங்கினார் உமர். அதுதான் திவான். பட்டியலில் பெயர் இருந்தால் உதவித்தொகை உண்டு. அரபியர் இந்தச் சொல்லுக்கு 'தவாவீன்' என்று தங்கள் இலக்கணப்படி பன்மையும் அமைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

பிறகு ஏடு வைத்த அறையும் திவான், அங்கே கூடிய சபையும் திவான். டெல்லி செங்கோட்டையில் பொதுமக்கள் குறை கேட்ட மண்டபம் 'திவான்-இ-ஆம்'. மலேசிய நாடாளுமன்ற மக்களவைக்கு இன்றும் 'டேவான் ராக்யாட்' என்றே பெயர். சபையில் சுவர் ஓரமாகப் போட்ட மெத்தை இருக்கைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ள, நம் கடைக் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் சுங்கச்சாவடிக்குப் பிரெஞ்சில் 'துவான்', இத்தாலியில் 'தொகானா'. அவையும் இந்தக் கணக்கு ஏட்டின் பிள்ளைகளே!

சரி, கவிதை? ஒரு கவிஞரின் பாடல்களைச் சேர்த்து எழுதி வைத்தால் அதுவும் பதிவேடுதானே! ஷீராஸ் நகரத்து ஹாஃபிஸின் திவானை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்த கவிஞர் கதே, 1819இல் தம் சொந்த நூலுக்கே 'மேற்கு-கிழக்கு திவான்' என்று பெயர் வைத்தார்.

இனி நாம் மறக்கக் கூடாத ஒரு செய்தி. மொகலாயர் ஆட்சியில் வரிக்கணக்கைப் பார்த்தவர் திவான். அந்த உரிமை 'திவானி'. 1765 ஆகஸ்ட் 12 அன்று பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலாக ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். அவர் அரியணையில்தான் இருந்தார். கணக்கு ஏடு மட்டும் கை மாறியது. ஐந்தே ஆண்டில், 1770இல், வங்காளத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போதும் கம்பெனியின் வரி வசூல் நிற்கவில்லை.

பார்த்தீங்களா? உமரின் ஏட்டில் பெயர் இருந்தவர்களுக்குச் சோறு கிடைத்தது. கம்பெனியின் ஏட்டில் பெயர் இருந்தவர்களிடம் பசி வேளையிலும் பணம் கேட்டார்கள். சொல் ஒன்றுதான். ஏடு யார் கையில், எதற்காக என்பதில்தான் வித்தியாசம்.

ஜில்லா, வசூல், பாக்கி ஆகிய சொற்களும் அரபியில் பிறந்து, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தவைதான். அவற்றின் கதை தெரிந்தவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள். படிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்!

– 10ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு