உங்களுக்குத் தெரியுமா? பேஸ்64 ரகசியம் காக்காது!

ஜாவா நிரல் ஒரு வெப் சர்வீஸை அழைக்கும்போது, 'பேசிக்' முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எப்படிப் போகின்றன? இரண்டுக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்து, பேஸ்64-க்கு மாற்றி, முன்னால் 'பேசிக்' என்று போட்டு 'ஆதரைசேஷன்' ஹெடரில் அனுப்புகிறோம். அவ்வளவுதான். பயனர்பெயருக்குள் முக்காற்புள்ளி வரக் கூடாது, கடவுச்சொல்லில் வரலாம்.

1996-இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இந்த முறை இருக்கிறது. அதில் உதாரணப் பயனர் அலாவுதீன். கடவுச்சொல்லோ அலிபாபா கதையில் குகையைத் திறக்கும் மந்திரம்!

அந்த பேஸ்64 எழுத்துகளை யாரும் நொடியில் பழையபடி மாற்றிவிடலாம். ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் அனுப்பினால், கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டது போலத்தான்.

2014-இல் வந்த ஜாவா 8-தான் பேஸ்64-க்கென்று முறையான வகுப்பைத் தந்தது. அதில் 'கெட்என்கோடர்' வேண்டும், 'கெட்மைம்என்கோடர்' வேண்டாம். பின்னது 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். சின்ன கடவுச்சொல்லில் இது வெளியே தெரியாது. நீளமான ஒன்று வந்ததும் ஹெடர் உடைந்து அழைப்பு தோற்கும்.

ஜாவா 11-இன் ஹெச்டிடிபி கிளையன்டில் 'ஆதென்டிகேட்டர்' வைத்தால், முதல் அழைப்பு வெறுமனே போகும். சர்வர் 401 சொல்லி, எந்த முறை என்றும் குறிப்பிட்ட பிறகே விவரம் போகும். அப்படிக் குறிப்பிடாத சர்வர் என்றால், ஹெடரை நீங்களே சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள்.