சிக்னலில் கடைசி 3 நொடி யாருக்குச் சொந்தம்? சிவப்பு விளக்கைத் தாண்டினால் லைசென்ஸ் போகுமா? முழு விவரம்

ஆத்தூரில் இருந்து பஸ் ஏறி திண்டுக்கல் வரும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் ஆஸ்பத்திரி சீட்டு. எதிர்ப்பக்கம் போக வேண்டும். சிக்னலில் வண்டிகளுக்கு சிவப்பு விழுகிறது, பாட்டி ரோட்டில் இறங்குகிறார். அதே நேரம் "ஒரு செகண்ட்தானே, போயிடலாம்" என்று ஒரு பைக் சிவப்பைத் தாண்டி வருகிறது.

திண்டுக்கல், மதுரை, சென்னை என எந்த ஊர் சிக்னலிலும் தினமும் பார்க்கிற காட்சிதான் இது. பைக்காரருக்கு அது ஒரு செகண்ட். பாட்டிக்கு அது என்ன? சட்டம் என்ன சொல்கிறது? அபராதம் மட்டும்தானா, லைசென்ஸும் போகுமா? விரிவாகப் பார்ப்போம்.

நடந்து போகிறவர்களுக்கு எவ்வளவு ஆபத்து?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2023-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1.72 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதில் 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நடந்து சென்றவர்கள். அதாவது சாலையில் உயிரிழக்கும் 5 பேரில் ஒருவர் எந்த வண்டியும் ஓட்டாதவர்.

அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். 18 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தமிழக சாலைகளில் இறந்தார்கள்.

பாட்டிக்கு எத்தனை நொடி வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. பாதசாரி ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பொதுவாக சிக்னல் நேரம் கணக்கிடப்படுகிறது. ரோடு 15 மீட்டர் அகலம் என்றால், கடக்க பன்னிரண்டரை நொடி ஆகும்.

ஆனால் முட்டி வலியோடு நடக்கும் ஒரு பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர்தான் போவார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு கிட்டத்தட்ட 19 நொடி வேண்டும். பன்னிரண்டரை நொடி முடியும்போது அவர் 10 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி 5 மீட்டர், அதாவது ஒன்றரை லேன், இன்னும் பாக்கி.

இங்கேதான் இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

முதல் அடி, சிவப்பு விழுந்த பிறகும் வருகிற வண்டி. 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரே நொடியில் 11 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே சுமார் ஒரு நொடி ஆகிவிடும். அதற்குள் அந்த 11 மீட்டர் முடிந்துவிட்டது. பிரேக் பிடித்து வண்டி நிற்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது அடி, பச்சை விழும் முன்பே கிளம்புகிற வண்டி. டைமரில் 3, 2 என்று ஓடும்போதே ஆக்சிலேட்டரை முறுக்கிக் கிளம்புவது நம்ம ஊர் பழக்கம். பாட்டி அந்த மிச்ச 5 மீட்டரில் நிற்பதும் அதே நேரம்தான். பக்கத்தில் ஒரு பஸ் நின்றால் நிலைமை இன்னும் மோசம். பஸ்ஸின் மறைவில் இருந்து பாட்டி வெளியே வரும்வரை பின்னால் இருக்கும் பைக்காரருக்கு அவர் தெரியவே மாட்டார்.

சுருக்கமாகச் சொன்னால், சிவப்பின் முதல் சில நொடிகளும் கடைசி சில நொடிகளும் மெதுவாக நடப்பவர்களுக்கானவை. அதைத்தான் வண்டி ஓட்டுபவர்கள் "சும்மா ஒரு செகண்ட்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மஞ்சள் விழுந்தால் வேகமாகப் போகலாமா?

கூடாது. மஞ்சள் என்றால் 'சீக்கிரம் போ' என்று அர்த்தம் இல்லை, 'நில்' என்றுதான் அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்கிற அளவுக்கு ஸ்டாப் லைனை நெருங்கிவிட்டவர்கள் மட்டும் கடந்து போகலாம். தூரத்தில் மஞ்சளைப் பார்த்து வேகம் கூட்டுபவர்தான் பெரும்பாலும் சிவப்பில் உள்ளே நுழைகிறார்.

ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கிராசிங் மேல் வண்டியை நிறுத்துவதும் விதிமீறல்தான். அப்படி நிறுத்தினால் நடப்பவர்கள் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கே போக வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, சிவப்பு விளக்கைத் தாண்டுவதை 'ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல்' என்ற குற்றத்தில் நேரடியாகச் சேர்த்திருக்கிறது.
* முதல் முறை: 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இவை கோர்ட்டுக்குப் போனால் வரக்கூடிய தண்டனைகள். ரோட்டிலேயே போலீஸ் வசூலிக்கும் ஸ்பாட் ஃபைன் தொகையை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கிறது. தமிழக அரசு 2022 அக்டோபரில் இந்தத் தொகைகளை உயர்த்தியது.

லைசென்ஸ் போகுமா?

போகலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு உத்தரவு போட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல் போன்றவற்றில் சிக்கினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்றது அந்த உத்தரவு. டெலிவரி வேலை, டிரைவர் வேலை பார்ப்பவர்களுக்கு 3 மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் 3 மாத சம்பளமும் இல்லை.

போலீஸ் இல்லை என்றால் தப்பிக்கலாமா?

சென்னை அண்ணா நகர் போன்ற இடங்களில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் இருக்கின்றன. போலீஸ் நிறுத்தாவிட்டாலும் செல்போனுக்கு சலான் வரும்.

2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் குற்றத்தைக் காட்டும் படம், வண்டி நம்பர், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். தவறான சலான் என்றால் எதிர்த்து முறையிடலாம்.

ஒரு முக்கிய விஷயம்: சலான் போவது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், வேறொருவர் தாண்டிய சிக்னலுக்கு உங்களுக்கு சலான் வரும்.

சிக்னலே இல்லாத இடத்தில்?

ஆத்தூர் பக்கத்து ஆட்களுக்கு பெரிய கேள்வி இதுதான். செம்பட்டி சந்திப்பில் திண்டுக்கல், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் என்று பல பக்கமும் வண்டிகள் போகின்றன. தைப்பூச நேரத்தில் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களும் சேர்ந்துகொள்வார்கள். சின்னாளபட்டி, காந்திகிராமம் பக்கம் நான்கு வழிச்சாலையைக் கடக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

சிக்னல் இல்லை என்பதால் நடப்பவருக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கை நெருங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நின்று பாதசாரிக்கு வழிவிட வேண்டும். ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்வது வழிவிடுவது ஆகாது.

கோர்ட் என்ன சொன்னது?

சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் நடக்கும் முக்கியமான வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். 2012-ல் போட்ட வழக்கு அது. அதில் 2025 மே மாதம், பாதசாரிகள் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது.

2025 அக்டோபர் 7-ம் தேதி, 50 பெருநகரங்களில் நடைபாதைகளையும் சாலை கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்ய உத்தரவிட்டது. பாதசாரிகள் தொடர்பான விதிகளை மாநிலங்கள் 6 மாதங்களுக்குள் உருவாக்கவும் சொன்னது. திண்டுக்கல் போன்ற நகரங்கள் அந்த 50-ல் வராது. ஆனால் மாநில விதி வந்தால் அது செம்பட்டிக்கும் பொருந்தும்.

விபத்து நடந்துவிட்டால்?

முதலில் 108-க்கு போன் செய்யுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவச சிகிச்சை கிடைக்கும். 2021 டிசம்பரில் இருந்து இது நடைமுறையில் உள்ளது. நல்லெண்ணத்தோடு உதவி செய்பவர் மீது வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

என்ன செய்தால் குறையும்?

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் அருகே உள்ள சிக்னல்களில் நடப்பவர்களுக்கான நேரத்தைக் கூட்டலாம். அகலமான ரோடுகளில் நடுவில் நின்றுகொள்ள மேடை அமைக்கலாம். ஜீப்ராவை ரோட்டு மட்டத்தில் இருந்து கொஞ்சம் உயர்த்திப் போட்டால் வண்டிகள் தானாகவே வேகம் குறையும். இதெல்லாம் நிர்வாகத்தின் வேலை.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இருக்கிற வேலை அதைவிட சின்னது. சிவப்பு விழுந்தால் கோட்டுக்குப் பின்னால் நிற்பது. பச்சை விழுந்ததும், முன்னால் யாராவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது. அதற்கு அதிகபட்சம் ஆறேழு நொடி ஆகும். மஞ்சப்பையோடு வந்த பாட்டி அந்தப் பக்கம் போய்ச் சேர அது போதும்.