சிறு நகரத்து விமானம் நின்றுபோனால் நம் பணம் என்ன ஆகும்?

சேலத்துக்காரர்களுக்கு விமானம் வருவதும் புதிதல்ல, நிற்பதும் புதிதல்ல. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-இல் திறந்த விமான நிலையத்துக்கு 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. 2011 இறுதியில் நின்றது. அடுத்த விமானத்துக்கு 2018 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிய ட்ரூஜெட் 2021-இல் சேலத்தை விட்டது. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனமே முடங்கியது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் நிலையம் மறுபடி திறந்தது. புதுச்சேரியில் 2024 மார்ச்சில் ஸ்பைஸ்ஜெட் நிறுத்தியதற்கும் டிசம்பரில் இண்டிகோ வந்ததற்கும் இடையில் பல மாதங்கள் வானம் காலி. நெய்வேலிக்கு 2017-இல் உடானின் முதல் ஏலச் சுற்றிலேயே வழித்தடம் கிடைத்தது. அதைப் பெற்ற ஏர் ஒடிசா அங்கே ஒரு விமானம்கூட இறக்கவில்லை.

இது நம் பக்கத்துத் துரதிர்ஷ்டம் மட்டுமல்ல. உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் (சிஏஜி) 2023-இல் தந்த அறிக்கையின்படி, மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மானியக் காலமான மூன்று ஆண்டுகளை முழுதாக ஓட்டியவை 112. மானியம் முடிந்த பின்னும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54 மட்டுமே. ஒதுக்கியதில் 7 சதவீதம்!

நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்று சட்டென்று சொல்லிவிடலாம். கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. திட்டம் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது பாதி இருக்கைகளுக்குத்தான். அதனால் வரும் இழப்பை மத்திய, மாநில அரசுகள் மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்டும். அதே மூன்று ஆண்டுகள் அந்த வழித்தடத்தில் மானியத்தோடு வேறு நிறுவனம் வராது. நான்காம் ஆண்டில் இரண்டும் போய்விடும். ஆனால் செலவு எதுவும் குறையாது. விமானத்தின் குத்தகையை டாலரில் கட்ட வேண்டும். ரூபாய் சரியும்போது வாடகை தானே ஏறும். சிறு நிலையத்தில் எரிபொருள் நிரப்பினால் வாட் வரி 1 சதவீதம், சென்னையில் நிரப்பினால் 29 சதவீதம். சில சிறு நிலையங்களில் நிரப்பும் வசதியே கிடையாது. கருவி வழித் தரையிறக்கம் இல்லாத நிலையங்களில் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதற்கு 5 கிலோமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழிப் பனியில் அது கிடைக்காது. விமானியைத் தயார்செய்து முடித்ததும் பெரிய நிறுவனம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் மேல், நான்கைந்து விமானங்கள் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மாற்று விமானம் என்று ஒன்று நிறுத்திவைக்க வழியில்லை. ஏழரை மணிக்கு ஓர் ஏடிஆர் விமானத்தில் சிறு பழுது என்றால் அன்று அது போகவிருந்த நான்கு ஊர்களின் பயணமும் கெடும்.

ஆகவே சிறு ஊர்ப் பயணி மனதில் வைக்க வேண்டியது ஒன்று. முன்கூட்டி எடுக்கும் டிக்கெட், அந்த நிறுவனத்துக்கு நாம் ஈடு எதுவும் வாங்காமல் கொடுக்கும் கடன். நிறுவனம் நன்றாக இருக்கும்வரை சட்டம் நம் பக்கம் வலுவாகவே நிற்கிறது. நிறுவனம் விழுந்துவிட்டால் நாம் வரிசையின் வாலில் நிற்கிறோம்.

வலுவான பக்கத்தை முதலில் தெரிந்துகொள்வோம். விமானம் ரத்தானால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதிகள் உண்டு. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற பேதம் அதில் இல்லை. இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானமோ முழுப் பணமோ. அதற்குப் பிறகு, 24 மணி நேரத்துக்கு முன்புவரை சொன்னால், முதலில் பதிவுசெய்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படும் விமானமோ முழுப் பணமோ. அப்படிக்கூடச் சொல்லாமல் ரத்து செய்தால், பயணி ஏற்கும் மாற்று விமானம் தர வேண்டும். இல்லையேல் முழுப் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது.

‘பயணி ஏற்கும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். நாளுக்கு ஒரு விமானம் வரும் ஊரில் மாற்று என்பது நாளை மறுநாளாக இருக்கலாம், 160 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவையிலிருந்து இருக்கலாம். பேருந்தில் ஏறுங்கள் என்றுகூடச் சொல்வார்கள். விதி பேசுவது விமானத்தைப் பற்றி. வேண்டாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேருந்தில் போகச் சம்மதித்தால் கட்டணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

மழை, மூடுபனி, வேலைநிறுத்தம், அரசு உத்தரவு போன்று நிறுவனத்தின் கையை மீறிய காரணமென்றால் இழப்பீடு இல்லை. அப்போதும் டிக்கெட் பணம் உங்களுடையதுதான். அதனால்தான் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்ற மழுப்பலான சொல்லோடு திரும்பிவிடக் கூடாது. பனியா, பழுதா, விமானி இல்லையா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பழுதும் ஆள் பற்றாக்குறையும் அந்த விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை அல்ல. சிறு தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்பதிவில் உங்கள் சொந்த அலைபேசி எண் இருக்கட்டும். முகவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் தகவல் அவருக்குப் போகும், இழப்பீடு உங்கள் கையைவிட்டுப் போகும். பணத்துக்குப் பதில் ‘பிறகு பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று கணக்கில் வைப்பது உங்கள் விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்கலாம். தள்ளாடும் நிறுவனத்திடம் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பலரும் பெரும்பணம் இழப்பது இணைப்பு விமானத்தில். சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட் எண்ணில் பயணம் முழுவதும் இருந்தால்தான் தவறவிட்ட இணைப்புக்கு விதி கைகொடுக்கும். அது கிடைக்காதபோது, முதல் நாளே சென்னை போய்ச் சேர்வதுதான் வழி. விசா கெடு, வேலையில் சேரும் நாள் உள்ளவர்கள் இதில் துணிச்சல் காட்டவே கூடாது.

பணம் வரவில்லையா? கடன் அட்டையில் கட்டியிருந்தால் ஏழு நாளில் திரும்ப வேண்டும் என்பது விதி. முகவர் வழியாக எடுத்திருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும், அவர் கைவிரித்தால் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதுங்கள். அடுத்து மத்திய அரசின் ஏர்சேவா தளம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. டிஜிசிஏ இழப்பீடு டிக்கெட் விலையைத் தாண்டாது. உங்கள் உண்மையான நஷ்டத்தைக் கேட்கும் இடம் நுகர்வோர் ஆணையம்தான். அவசரத்துக்குப் பிடித்த வாடகைக் கார், தங்கிய அறை எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும்.

நிறுவனம் திவாலானால் இந்தக் கதவுகளில் பல சாத்தப்படும். கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே 2-இல் திவால் மனு கொடுத்தது. மறுநாள் முதல் பறக்கவில்லை. மே 10-இல் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும், சட்டப்படி அதன் மேல் வழக்கு எதுவும் நடத்த முடியாத நிலை. பயணிகள் திவால் நடவடிக்கைக்கு நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கோரிக்கை பதியலாம், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவும் வந்துவிட்டது. ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பின்னால்தான் பயணியின் முறை. ஆகவே விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகின்றன, சம்பளம் தாமதம் என்று செய்தி வந்தால், மூன்று மாதம் கழித்துப் போகும் கல்யாணத்துக்கு இப்போதே குடும்பம் முழுவதற்கும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அட்டையில் எடுங்கள்: சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி அட்டைக்கு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் விமானம் நின்ற வாரமே எழுதிவிட வேண்டும்.

பயணம் முடியும்வரை டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லும் சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் விழுந்தாலும் அந்தப் பணம் பயணிக்கு மிஞ்சும். இன்று அப்படி ஏற்பாடு இல்லை. அதுவரை ஊராகச் செய்யக்கூடியவை சில உண்டு. இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஆலோசனைக் குழு இருக்கிறது. வணிகர் சங்கங்களும் கல்லூரிகளும் அதில் மாதவாரியான ரத்துக் கணக்கைக் கேட்கலாம். ஆணையம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். நம் ஊர் வழித்தடத்தின் மானியம் எந்த மாதத்தோடு முடிகிறது, அதன் பிறகும் பறக்க நிறுவனம் என்ன உறுதி கொடுத்திருக்கிறது, கடந்த ஆண்டில் எத்தனை விமானங்கள் எந்தக் காரணத்தால் ரத்தாயின என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மனுவில் கேட்டுவிடலாம்.