செம்மறிக் குட்டியும் தாயும்

பல வீட்டுச் செம்மறிகள் ஒரே வளவில் நெருங்கி நிற்கும்போது, நோயில்லாத குட்டியும் இறந்துபோவதுண்டு. தாய் அதனை ஏற்காமையே இதற்கு ஒரு காரணம்.

ஈன்றவுடன் தாய் குட்டியை நக்குவது ஈரத்தைப் போக்க மட்டுமல்ல. அப்போதுதான் குட்டியின் மணம் தாயின் மனதிற் பதிகிறது. ஏறக்குறைய 2 மணித்தியாலத்துள் இது நடந்துவிடும். அதன்பின் வேறு குட்டி மடியை நாடினால் முட்டித் தள்ளும். குட்டியோ அரை மணித்தியாலமளவில் எழுந்து மடியைத் தேடும். சில நாட்களில் தாயின் குரலையும் அறிந்துகொள்ளும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஈனும் ஆட்டை ஓலைத் தட்டியால் மறைத்து, 2 நாட்கள் குட்டியுடன் தனியே விடுவோம்.

2. குட்டியைக் கழுவாதிருப்போம், பிள்ளைகள் மாறிமாறித் தூக்கவும் விடவேண்டாம்.

3. 2 மணித்தியாலத்துள் கடும்புப்பால் குடித்ததா எனப் பார்ப்போம். அதிலுள்ள நோயெதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் முதல் நாளில் மட்டுமே உறிஞ்சும்.

4. தாயை இழந்த குட்டி இருந்தால், அப்போது ஈனும் வேறோர் ஆட்டின் பனிக்குட நீரை அதன் உடலெங்கும் பூசி, அந்த ஆட்டின் முன் விடுவோம். தன் குட்டியென நக்கத் தொடங்கினால் பிழைத்துவிடும்.

இரண்டாம் வாரமளவில் குட்டிகள் கூட்டமாகத் துள்ளி விளையாடும். பசித்ததும் ஒவ்வொன்றும் தன் தாயிடமே ஓடினால், நம் காவல் பலித்ததென அறியலாம்.