வெள்ளிக்குப் பாகுப் பதம்

ஜாங்கிரிக்குப் பாகு வைப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு: பூத்துவிடக் கூடாது. கம்பிப் பதம் வந்து அடுப்பை அணைப்பதற்குள் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு தட்டும். அப்போது கரண்டியைவிட்டு ஒரு கிளறு கிளறினால் போதும், பாகு முழுக்கச் சர்க்கரை மணலாகிவிடும். அதற்குத்தான் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. மிக நுண்ணிய துகள்களான நானோ வெள்ளியைத் தயாரிப்பதும் பாகு வேலைதான். என்ன, இங்கே பூக்கவும் வேண்டும், பூத்தது பொடியாகவே நிற்கவும் வேண்டும்.

எலுமிச்சைகூட இங்கே உண்டு. ஆய்வகங்களில் இன்றும் அதிகம் புழங்கும் செய்முறை, லீ, மைசல் என்ற இருவர் 1982-இல் எழுதியது. 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட்டை 500 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். அதில் 1 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மில்லி விட்டு ஒரு மணி நேரம் கொதி. அவ்வளவுதான். எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் சிட்ரேட். தண்ணீர் போல் இருந்த கரைசல் மெல்ல மஞ்சள் காட்டி, கடைசியில் பச்சை கலந்த மஞ்சளில் நிற்கும். குழாய்த் தண்ணீரில் செய்தால் இது நடக்காது. அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ள, பால் ஊற்றியது போல் கலங்கிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது? நீரில் கரைந்த வெள்ளி தனித்தனி அயனிகளாக நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரான் குறை. அதைச் சிட்ரேட் கொடுக்கிறது. கிடைத்ததும் அயனி முழு அணுவாகிவிடும், முழு அணுவுக்கோ தண்ணீரில் இடமில்லை. சுண்டிய பாகில் சர்க்கரைக்கு இடம் போதாமல் போகிறதே, அதே நெருக்கடி. அணுக்கள் ஒரு வரம்பைத் தாண்டியதும் சில ஒன்றுகூடி விதையாகின்றன. அதன்பின் வரும் அணுக்களில் பெரும்பாலானவை அந்த விதைகள் மேலேயே உட்காருகின்றன.

விதை எத்தனை விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். பனங்கற்கண்டுக்குப் பானையில் நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைக்கிறார்கள். கொஞ்சம் விதை, நிறைய நேரம், பெரிய கட்டி. பாதுஷா மேல் பூசும் பாகையோ அடித்துக் கிளறுகிறார்கள். ஒரே நேரத்தில் எக்கச்சக்கமான விதை, நாக்கில் தட்டாத பொடி. சிட்ரேட் நிதானமாகத்தான் எலக்ட்ரான் கொடுக்கும். பழைய விதை வளரும்போதே புது விதையும் விழுவதால் உருண்டை, குச்சி, சிறிசு, பெரிசு எல்லாம் கலந்து வரும். அந்தப் பச்சைச் சாயலுக்கு இந்தக் கலப்படமே காரணம்.

சீராக வேண்டுமென்றால் எலக்ட்ரானை வேகமாகக் கொடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடு. அதன் கரைசல் உள்ள பீக்கரை ஐஸில் வைத்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 10 முதல் 15 நானோமீட்டர் வரையிலான துகள்கள் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளில் கிடைக்கும். கடைசிச் சொட்டு விழுந்ததும் கலக்கியை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் துகள்கள் ஒட்டிக்கொண்டு நிறம் கறுத்துவிடும். பாகில் கரண்டி போடாதே என்பது இங்கேயும் செல்லுபடியாகிற விதி.

இலைச் சாற்றிலும் செய்கிறார்கள். வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளித் துகள் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இல் காட்டினார்கள். அதன்பின் நம் கல்லூரி ஆய்வகங்கள் விட்டுவைத்த இலை குறைவு. இலையின் பாலிஃபீனால்கள் எலக்ட்ரான் கொடுப்பது உண்மைதான். ஆனால் ஆடி மாத வேப்பிலையும் தை மாத வேப்பிலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை. தடவைக்குத் தடவை அளவு மாறும் துகளை நம்பி, ஒரு பொருள் இருப்பதைக் காட்டும் உணரி செய்ய முடியாது என்பது என் கட்சி.

இனி, பூத்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது எப்படி? பாகில் எலுமிச்சை, சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துப் படிகம் அடுக்குவதைக் கெடுக்கிறது. சிட்ரேட்டின் வழி வேறு. துகளின் மேல் ஒட்டி எதிர் மின்னூட்டம் பூசிவிடுகிறது. ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். இந்தக் கரைசலில் கொஞ்சம் உப்புப் போட்டுப் பாருங்கள். உப்பின் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட, மஞ்சள் மங்கிச் சாம்பலாகி, அடியில் கறுப்பாக வண்டல் தங்கும்.

நிறம் ஏன் மாறுகிறது என்றால், துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. தனித்த சிறு துகள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்கும், மிச்சம் மஞ்சளாகத் தெரியும். துகள்கள் நெருங்கினால் தாளம் மாறி, விழுங்கும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது.

செய்கிறவருக்குப் பழுதாகத் தெரிகிற இந்த ஒட்டல்தான் உணரி செய்கிறவருக்கு மூலதனம். சிட்ரேட்டுக்குப் பதில், தேடும் பொருளை மட்டும் பிடிக்கும் ஒரு மூலக்கூறைத் துகள்மேல் பூசிவைக்கிறார்கள். அந்தப் பொருள் வந்து துகள்களைக் கோத்தால் நிறம் மாறும், கண்ணாலேயே பார்க்கலாம். பாதரசம் இன்னும் நேரடியானது. அதன் அயனிகள் வெள்ளியிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதால் மஞ்சளே வெளுத்துப்போகிறது.

ஒட்டிய இரு துகள்களின் இடுக்கில் ஒளி பல மடங்கு செறிவாகிறது. அங்கே சிக்கிய மூலக்கூறின் ராமன் சிதறல் (மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும் ஒளிச் சிதறல்), சாதாரணமாக மிக மங்கலானது, இப்போது அளக்கும்படி எழும்புகிறது. 1974-இல் சவுதாம்ப்டனில் ஃபிளைஷ்மன் குழுவினர் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் இதை முதலில் கண்டார்கள். 1997-இல் ஒற்றை மூலக்கூறையே அடையாளம் காணும் அளவுக்குப் போய்விட்டது. லீயும் மைசலும் தங்கள் கரைசலைக் காய்ச்சியதே இந்த வேலைக்குத்தான். இதற்காக உப்பை வேண்டுமென்றே சேர்ப்பவர்களும் உண்டு.

கிருமியைக் கொல்லும் விஷயத்தில் உதவுவது இன்னொரு பழுது: துகள் கரைகிறது. காற்றின் ஆக்சிஜன் பட்டு, மேற்பரப்பிலிருந்து வெள்ளி மறுபடி அயனியாகக் கழல்கிறது. அந்த அயனி பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஈ. கோலை பாக்டீரியாவைத் துகள்களோடு விட்டார்கள். அயனி கழலவில்லை, பாக்டீரியாவும் சாகவில்லை. ஆக, துகள் வெறும் கிடங்கு. சிறிதாக்குவது எதற்கென்றால் பரப்புக்காக. ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வைத்தால் மேற்பரப்பு 1.25 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 28 சதுர மீட்டர், சுமார் 300 சதுர அடி.

கிருமி கொல்லும் பூச்சிலும் வடிகட்டியிலும் சிக்கல், இந்தக் கிடங்கு எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதுதான். சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட குடிநீர் வடிகட்டிப் பொருள் நல்ல உதாரணம். நம் ஊர்த் தண்ணீரின் உப்பும் அழுக்கும் துகள்மேல் படிந்து அயனி வெளியேறுவதை அடைத்துவிடும். அவர்கள் துகள்களை அலுமினியம் ஆக்ஸிஹைட்ராக்சைடும் கைட்டோசானும் சேர்ந்த கூண்டுக்குள் வைத்து, லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் அயனி மட்டும் தொடர்ந்து கசியச் செய்தார்கள். 100 மைக்ரோகிராம் வரை தீங்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைவிட எளிமையாக ஒன்று 2008-இல் வந்தது. தாவர எண்ணெய்ப் பெயிண்ட் காயும்போது தானாக உண்டாகும் தனி உறுப்புகளே (free radicals) வெள்ளி உப்பைத் துகளாக்கிவிடுகின்றன. எலக்ட்ரான் கொடுக்க வேறு பொருள் வேண்டாம், சிட்ரேட்டும் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் சாக்ஸ். கடையில் விற்கும், வெள்ளித் துகள் சேர்த்த சாக்ஸ்களை 2008-இல் அரிசோனாவில் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில ஜோடிகள் ஒருசில சலவையிலேயே தங்கள் வெள்ளியில் பெரும்பகுதியை விட்டுவிட்டன. சாக்கடைக்குப் போன வெள்ளி அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. அது லேசில் கரையாது என்பதால் விஷமும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சாக்ஸுக்குக் கொடுத்த கூடுதல் காசு மட்டும் போனது போனதுதான்.