நிறம் திருமணத்திற்குத் தடையாகுமா?

ஞாயிறு திருப்பலியின்போது திருமண ஓலை வாசிக்கப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று முறை அறிவிக்கப்படுகிறது. கேட்கிறோம், பின்பு மறந்துவிடுகிறோம். அந்தத் தடைகள் எவை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் நம்மில் சிலரே.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அவற்றை வரிசையாகக் கூறுகிறது. வயதுக் குறைவு, இல்லற வாழ்வுக்கு இயலாமை, முந்திய திருமணப் பிணைப்பு, மறை வேற்றுமை, குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு, பெண்ணைக் கடத்துதல், மணத்தின்பொருட்டுக் கொலை, இரத்த உறவு, மணவழி உறவு, பொது ஒழுக்கத்திற்கு மாறான உறவு, தத்து உறவு ஆகப் பன்னிரண்டு. இப்பன்னிரண்டில் தோலின் நிறம் இல்லை; இனம் இல்லை; குலமும் இல்லை. இதற்கு முன்பிருந்த 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இவை இல்லை. ‘கலப்புத் திருமணம்’ என்று திருச்சபை சொல்வது, கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரை மணப்பதையே. வெள்ளை நிறத்தவர் கறுப்பு நிறத்தவரை மணப்பதைக் குறிக்கத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

ஆயினும், திருச்சபை தடையென்று கருதாததை நாட்டின் அரசு தடையாக்கியதுண்டு. அரசு தடுக்காததை வீடு தடுப்பதும் உண்டு. அமெரிக்க நாட்டில் இரு கத்தோலிக்க இளைஞர்கள் அரசின் தடையை எதிர்த்து வழக்காடி வென்ற வரலாற்றை இம்மாதம் நம் குடும்பங்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

கொந்தளித்த நகரம்

இரண்டாம் உலகப் போரின்போது கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் போர்த் தளவாடத் தொழிலால் விரிந்து பெருகியது. போர்த் தொழிற்சாலைகளில் இனபாகுபாடு கூடாதென்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941 சூன் மாதத்தில் ஆணையிட்டார். அதுவரை கறுப்பினத்தாருக்கு மூடிக்கிடந்த ஆலைக் கதவுகள் சிறிது திறந்தன. ஆனால் நகரத்தின் உள்ளம் திறக்கவில்லை. 1942-இல் சப்பானிய வம்சாவளியினர் வீடுவாசல்களை விட்டு அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1943 சூன் மாதத்தில் கடற்படையினரும் பிற படைவீரரும் தெருத் தெருவாகச் சென்று மெக்சிக்க இளைஞர்களை அடித்து, அவர்களுடைய உடைகளைக் கிழித்து எறிந்தனர். கறுப்பினத்தாருக்கு வீடு விற்பதில்லை என்ற ஒப்பந்தங்கள் பல பகுதிகளில் நடைமுறையில் இருந்தன.

அத்தகைய காலத்தில், பர்பாங்கிலிருந்த லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்த இருவர் ஒருவரையொருவர் அறிந்தனர். ஆண்ட்ரியா பெரெஸ் மெக்சிக்க வம்சாவளிப் பெண். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பின இளைஞர். இருவரும் கத்தோலிக்கர். டேவிஸ் போர்ப் பணிக்குச் சென்று திரும்பிய பின்னும் அவர்களுடைய நட்பு மாறவில்லை. அது திருமண உறுதியாயிற்று. 1947 ஆகஸ்டு மாதத்தில் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பதிவு அலுவலகத்திற்குச் சென்று திருமண உரிமம் கேட்டனர். அலுவலர் மறுத்துவிட்டார்.

காரணம், 1850 முதல் கலிபோர்னியாவில் இருந்துவந்த சட்டம். வெள்ளையர் ஒருவர் நீக்ரோவையோ, மங்கோலியரையோ, மலாய் இனத்தவரையோ, கலப்பினத்தவரையோ மணந்தால் அம்மணம் செல்லாது என்பது அதன் சாரம். மெக்சிக்கர்களைச் சட்டம் வெள்ளையராகக் கணக்கிட்டது. தெருவில் வெள்ளையரென்று மதிக்கப்படாத ஆண்ட்ரியா, உரிமத் தாளில் மட்டும் வெள்ளையரானார்! இதில் ‘மலாய் இனம்’ என்பது 1933-இல் சேர்க்கப்பட்ட சொல். பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர் ஒருவர், தாம் மங்கோலியர் அல்லர் என்று வழக்காடி மணஉரிமை பெற்றார். உடனே சட்டமன்றம் அந்த வழியையும் அடைத்தது.

இதே சட்டத்தின் நிழலில் நம் நாட்டவரும் வாழ்ந்திருக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பயிர்த்தொழில் செய்யச் சென்ற பஞ்சாபியர், குடியேற்றச் சட்டங்களால் தாய்நாட்டிலிருந்து பெண்களை வரவழைக்க இயலாமல், மெக்சிக்கப் பெண்களை மணந்தனர். பதிவு அலுவலர்கள் இருவரையும் ‘பழுப்பு நிறத்தவர்’ என்று எழுதி உரிமம் கொடுத்தனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தாயாரின் கத்தோலிக்க மறையில் வளர்ந்தனர்.

எங்கள் கோயிலில், எங்கள் மக்கள் முன்னிலையில்

வாசகர்கள் ஒன்றைக் கேட்கக்கூடும். வேறு மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தைக் கலிபோர்னியா ஏற்றுக்கொண்டதே. அவ்விருவரும் எல்லையைக் கடந்து சென்று மணமுடித்துத் திரும்பியிருக்கலாமே? பலர் அவ்வாறே செய்தனர். ஆனால் ஆண்ட்ரியாவும் சில்வெஸ்டரும் தங்கள் ஊரில், தங்கள் ஆலயத்தில், திருப்பலியோடு திருமணம் என்னும் திருவருட்சாதனத்தைப் பெற விரும்பினர். ஒளிந்து கொள்ளவேண்டிய குற்றம் எதையும் அவர்கள் செய்யவில்லை. பின் ஏன் ஓடவேண்டும்?

அவர்களுக்காக வாதாடியவர் டேனியல் மார்ஷல் என்னும் கத்தோலிக்க வழக்கறிஞர். இனங்களுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் கத்தோலிக்கக் கழகத்தில் முன்னின்று உழைத்தவர். அவர் எடுத்த வாதம் எளியது: இவ்விருவரும் மணமுடிக்கத் திருச்சபையில் தடை இல்லை, திருச்சபை கொடுக்க அணியமாயிருக்கும் திருவருட்சாதனத்தை அரசு தடுப்பது சமய உரிமையைப் பறிப்பதாகும். இவ்வாதத்திற்கு மறைமாவட்டத் தலைமையினரின் துணையை அவர் நாடினார், அது கிடைக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. திருச்சபையின் போதனை தெளிவாயிருந்தும், காலத்தின் அச்சம் நல்லோர் பலரை வாய்மூட வைத்தது.

1948 அக்டோபர் முதல் நாள் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஏழு பேரில் நால்வர் தடைச்சட்டம் செல்லாதென்றனர், மூவர் மறுத்தனர். தலைமைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோஜர் டிரெய்னர், ஒருவர் தம் மனத்திற்கு இசைந்தவரை மணப்பதே மணஉரிமையின் உயிர்நாடி என்றார். தண்டவாளத்தில் ஒரு வண்டிக்குப் பதிலாக இன்னொரு வண்டியை ஓட்டலாம். மனிதருக்குப் பதில் மனிதரை வைக்க இயலாது என்பது அவர் கருத்து. இத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைகள் துன்புறுவார்கள் என்ற வாதத்திற்கும் விடை இருந்தது: அத்துன்பம் இரத்தத்தால் வருவதன்று, சமூகத்தின் தப்பெண்ணத்தாலும், அதை வளர்க்கும் சட்டத்தாலும் வருவது. தீர்ப்புக்குத் தேவையான நான்காவது வாக்கை அளித்த நீதிபதி எட்மண்ட்ஸ், மணஉரிமை சமய உரிமையில் அடங்கும் என்று தனியே எழுதினார். திருவருட்சாதனத்தைக் கேட்டு நின்ற இருவரின் விசுவாசம் ஒரு மாநிலத்தின் சட்டத்தையே அசைத்தது.

1949-இல் அவர்கள் தங்கள் ஆலயத்தில் மணமுடித்தனர். ஆண்ட்ரியா 2000-ஆம் ஆண்டில் மறையும்வரை அந்த இல்லறம் நீடித்தது.

ஆனால், நீதிமன்றத்தால் இயலாத ஒன்று இருந்தது. ஆண்ட்ரியாவின் தந்தை இம்மணத்தை எதிர்த்தார். அவரும் இனப்பழிப்பை அனுபவித்த மக்களில் ஒருவரே. தாம் பட்ட அவமதிப்பு, தம்மைவிட அதிகமாக அவமதிக்கப்பட்டவர்மீது இரக்கத்தைப் பிறப்பிக்கவில்லை. மிதிக்கப்பட்டவர் தமக்கும் கீழே ஒருவரைத் தேடுவது மனித இயல்பின் சோகங்களில் ஒன்று. நால்வர் எழுதிய தீர்ப்பு அலுவலகக் கதவைத் திறந்தது. தந்தையின் கதவைத் திறக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை.

வீடு திறந்தது, நாடு மூடியது

இதற்கு நேர்மாறான நிலையை வர்ஜீனியா மாநிலத்தில் காண்கிறோம். ரிச்சர்டு லவிங் செங்கல் கட்டும் வெள்ளைத் தொழிலாளி. மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பின, செவ்விந்திய வழிவந்த பெண். அவர்களுடைய சிற்றூரில் பல நிறத்தவரும் நெருங்கிப் பழகினர். மில்ட்ரெட்டின் அண்ணன்மார் வாசித்த இசையைக் கேட்க ரிச்சர்டு அவ்வீட்டுக்குப் போய்வந்தார், பழக்கம் காதலாயிற்று. 1958 சூன் மாதம் வாஷிங்டன் நகருக்குச் சென்று மணமுடித்தனர். சில வாரங்களில், நள்ளிரவில் காவல் அதிகாரி படுக்கையறைக்குள் வந்து அவர்களைக் கைது செய்தார். சுவரில் தொங்கிய திருமணச் சான்றிதழ் அங்கே செல்லுபடியாகவில்லை. ஓராண்டுச் சிறை, 25 ஆண்டுகள் மாநிலத்திற்குள் சேர்ந்து வராதிருந்தால் அத்தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்பது தீர்ப்பு. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலவாதிருக்கத்தான் என்று அந்த நீதிபதி பின்னர் எழுதினார். கடவுளின் பெயரால் கடவுள் சொல்லாததைச் சொல்வது எத்தனை எளிதாயிருக்கிறது!

1967 சூன் 12-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அத்தகைய சட்டங்களைத் தள்ளினர். அன்று 16 மாநிலங்களில் அவை எஞ்சியிருந்தன. இவ்வழக்கில் கத்தோலிக்க ஆயர்கள் பலர் தம்பதியருக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனு அளித்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் மார்ஷல் தனியே நின்ற இடத்தில் ஆயர்கள் வந்து நின்றனர். இடையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருந்தது. இனத்தாலோ நிறத்தாலோ மனிதரின் அடிப்படை உரிமைகளை வேறுபடுத்துவது கடவுளின் திட்டத்திற்கு மாறானது. அது அகற்றப்பட வேண்டும் என்று ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 29-ஆம் எண்ணில் 1965-இல் அது அறிவித்தது.

நம் இல்லங்களின் நிலை

இவ்வரலாற்றை வாசித்துவிட்டு, அமெரிக்கரின் நிறவெறியைப் பழித்து ஏட்டை மூடிவிடுவது நமக்கு எளிது. ஆனால் நம் மனச்சான்று அவ்வளவில் அமைதி கொள்ளுமா? நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டத்தில் சாதி ஒரு தடையன்று. திருச்சபைச் சட்டத்திலும் அது தடையன்று. பீடமும் தடுக்கவில்லை, அரசும் தடுக்கவில்லை. ஆயினும் ஒரே நற்கருணையை உட்கொண்ட இரு குடும்பங்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பினர் என்பதற்காகப் பகைவராகின்றன. பெற்ற மகளை இறந்தவளாக எண்ணித் தலைமுழுகும் தந்தையர் உண்டு. உயிரைப் பறிக்கும் கொடுமையும் நம் மண்ணில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அலுவலகம் செய்ததை இங்கே நம் வீட்டுத் திண்ணை செய்கிறது.

பெற்றோர் கேள்வி கேட்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மகள் விரும்பும் இளைஞன் உழைப்பாளியா, குடிப்பழக்கம் உடையவனா, இறைப்பற்று உள்ளவனா, பெண்ணை மதிப்பவனா என்று விசாரிப்பது பெற்றோர் கடமை. மகன் விரும்பும் பெண்ணின் குணநலத்தை அறிவதும் அவ்வாறே. ஆனால் இக்கேள்விகளுக்கெல்லாம் நல்ல விடை கிடைத்த பின்பும் மனம் மறுக்குமானால், மறுப்பது பெற்றோரின் அறிவன்று. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே. அந்த அச்சத்தைப் பங்குத்தந்தையிடமோ, அனுபவமுள்ள ஒரு தம்பதியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தும் சொல்லை மட்டும் கோபத்தில் சொல்லிவிடாதீர்கள். பின்னர் அதைத் திரும்பப் பெறுவது அரிது. அந்த வீட்டாரோடு ஒரு வேளை அமர்ந்து உண்ணுங்கள்; பல ஐயங்கள் அங்கேயே தீரும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஆண்ட்ரியாவும் சில்வெஸ்டரும் ஒளிந்தோடவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. உரிமம் மறுக்கப்பட்ட நாள் முதல் மணநாள் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். அந்தப் பொறுமையே அவர்கள் அன்பு வெறும் மயக்கமன்று என்பதற்குச் சான்றாயிற்று.

எண்ணாகமத்தின் 12-ஆம் அதிகாரத்தை இக்கட்டுரையோடு சேர்த்து வாசிக்குமாறு குடும்பங்களை வேண்டுகிறோம். மோயீசன் எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அவருடைய தமக்கையே அவருக்கு எதிராகப் பேசினாள். பிறருடைய நிறத்தைப் பழித்தவளின் தோல் தொழுநோயால் பனிபோல் வெளுத்தது. பழிக்கப்பட்ட மோயீசனோ அவளைக் கைவிடவில்லை; அவளைக் குணமாக்கும்படி இறைவனைக் கூவி மன்றாடினார். ஏழு நாள் அவள் பாளையத்திற்கு வெளியே இருந்தாள். அந்த ஏழு நாளும் இஸ்ராயேல் மக்கள் அனைவரும் பயணத்தை நிறுத்திக் காத்திருந்தனர். அவள் திரும்பிச் சேர்ந்த பின்னரே கூடாரங்கள் பெயர்ந்தன.

மருமகளை ஏற்காத மாமியாருக்காகவும், மகளோடு பேசாத தந்தைக்காகவும் அவ்வாறு மன்றாடிக் காத்திருக்கும் குடும்பம் பேறுபெற்றது. அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படும்போது, திருச்சபை கேட்கும் தடைகளுக்கு அப்பால் நம் நெஞ்சில் வேறு தடை ஏதேனும் உண்டா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வோமாக. இருந்தால், அதைப் பங்குத்தந்தையிடம் அல்ல, நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டு ஆண்டவரிடம் தெரிவிப்போம்.