தாவும் பிள்ளைக்கு முதலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள்

ஒற்றைக் காலில் இறங்கும் பாரம்

பனித்தளத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடும் பெண் எம்பி, மூன்று சுற்று சுழன்று, ஒற்றைக் காலில் இறங்குகிறாள். காற்றில் இருப்பது முக்கால் விநாடிகூட இல்லை. அரை விநாடி காற்றில் நிற்க 30 செ.மீ. எம்பினால் போதும், 0.6 விநாடிக்கு 44 செ.மீ. வேண்டும். இறங்கும்போதோ, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு காலில் விழுகிறது. சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆக உயர்த்த, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-இல் முடிவெடுத்தது. வளரும் உடலைக் காப்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

மதுரைப் பிள்ளைகளுக்குப் பனித்தளம் எட்டாக்கனி. ஆனால் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உயரம் தாண்டுகிறவளுக்கும், மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் வாலிபால் ஸ்மாஷ் அடிக்க எம்புகிறவளுக்கும் முழங்காலின் கணக்கு இதேதான்.

“வயசுக்கு வந்ததும் வேகம் போச்சு”

இந்தப் பேச்சைப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் விட்டுவிட வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளைகள் சட்டென்று வளர்கிறார்கள். எலும்பு நீள்கிறது, எடை கூடுகிறது. தசை வலு அதே வேகத்தில் கூடுவதில்லை. பையன்களுக்கு ஹார்மோன் கைகொடுக்கிறது. பெண்களுக்கு அந்த வலுவைப் பயிற்சியால்தான் சேர்க்க முடியும். பிள்ளை சோம்பேறி ஆகிவிடவில்லை. அவளை மைதானத்திலிருந்து நிறுத்திவிட்டால், வலு சேர வேண்டிய காலமே வீணாகிறது.

இந்த வயதைத் தாண்டும்போதுதான் ‘ஜவ்வு கிழிவது’ம் அதிகமாகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற அந்த ஜவ்வு, பெரும்பாலும் யாரும் மோதாமலே, இறங்கும்போதோ திரும்பும்போதோ கிழிகிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல்.

செல்போனில் பார்த்துவிடலாம்

ஓரடி உயரப் படியிலிருந்து இரண்டு காலாலும் குதிக்கச் சொல்லி, முன்னால் நின்று படம் பிடியுங்கள். தரையைத் தொடும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால், தொடையும் இடுப்பும் வலுவாக வேண்டும். உயரம் கூட்டுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், சின்னதாக ஒரு தாவு தாவி இறங்கிய இடத்திலேயே மூன்று விநாடி அசையாமல் நிற்றல்: வாரம் மூன்று நாள், கால்மணி நேரம். இறங்கும்போது முன்பாதம் முதலில், குதிகால் பிறகு. இடுப்பு பின்னுக்குப் போக, முழங்கால் கால்விரல்களின் நேருக்கு மடங்க வேண்டும். சத்தம் குறைந்தால் சரியாக இறங்குகிறாள் என்று பொருள்.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை போனார். அவருடைய உறுதி போற்றத்தக்கது. அதற்காக, இறுகிய தரையில் பிள்ளையை வெறுங்காலோடு தாவவிட வேண்டாம்.

ரத்தமும் எலும்பும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடம்பு சீக்கிரம் களைக்கும். களைத்த கால் தப்பாக இறங்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, சுண்டல் என்று வயிறு நிறையக் கொடுங்கள். எடை ஏறுமென்று பட்டினி போடவே கூடாது. மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோனால், அதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகி, நுண்ணிய விரிசல் விழக்கூடும்.

முழங்கால் வீங்கினாலோ, ‘டப்’ என்று சத்தம் கேட்டு மடங்கினாலோ, ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலித்தாலோ எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள்.